கீழ்த்தாடைக்கு ஒரு டிச் பட்டன்

கல்யாணமான நாளிலிருந்து நான் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. திரைச்சீலையை என் மனைவி எதெல்கா தேர்ந்தெடுத்தாள். நாயை எதெல்கா தேர்ந்தெடுத்தாள். அந்த நாய்க்கு என்னைக் கண்டால் ஆகாது. அதையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். என் தொப்பி, என் கோட்டு, நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று வெளியில் சொல்ல வேண்டியது, எல்லாம் அவள் இலாகா. ஆனால் போன வருஷம் தொடக்கத்தில் நான் ஒரு சபதம் எடுத்தேன். என் வாய்க்குள் என்ன மாட்ட வேண்டும் என்பதை மட்டும் நான்தான் முடிவு செய்வேன். அங்கேயும் வந்து இவள் திரைச்சீலை தொங்கவிட முடியாது.

எங்கள் ஊரின் முழுப்பெயர் மொஷோன்மொட்யாரோவார். பல் வரிசை ஒழுங்காக இருந்தால்தான் இது வாயில் நிற்கும். இல்லாதவர்கள் ஓவார் என்று சுருக்கிக்கொள்வோம். ஆஸ்திரியா எல்லை ஒரு எட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அவர்கள் ஊரில் பல் கட்டினால் கட்டுப்படியாகாது. வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். அதனால் எங்கள் ஊரில் ரொட்டி வாங்கப் போனாலும் பல் டாக்டர், செருப்புத் தைக்கப் போனாலும் பல் டாக்டர். தபால்காரர் கதவு தவறித் தட்டினால் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லிவிடுவார்கள். இப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குத்தான் வாயில் ஒரு சொந்தப் பல் கிடையாது. கட்டின பல்லில் மேல் செட் ஒட்டிக்கொண்டு மரியாதையாக இருந்தது. கீழ் செட்தான் வாயாடி. நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அது நாலு வார்த்தை பேசிவிட்டு எழுந்து நிற்கும்.

பல் கட்ட வருகிறவர்கள் தங்க வேண்டாமா? ஊரில் பாதி வீடுகள் அவர்களுக்கு அறை விடுகின்றன. எங்கள் பெரிய படுக்கையறையையும் எதெல்கா விட்டுவிட்டாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு காலியாகக் கிடந்த அறையில் ஒற்றைக் கட்டில். அங்கே அவள் போனாள். பின்பக்கம் ஜாம் பாட்டில்களும் உருளைக்கிழங்கு மூட்டையும் இருந்த அறைக்கு நான் போனேன். சீசன் முடிந்ததும் மறுபடி ஒன்றாக இருக்கலாம் என்றுதான் பேச்சு. பல்வலிக்கு ஏது சீசன்? அது வருஷம் பூராவும் வந்தது. நானும் உருளைக்கிழங்கோடு உருளைக்கிழங்காகத் தங்கிவிட்டேன்.

முன்னறையில் விருந்தாளிகளுக்குச் சாப்பாடு போடுவாள். கூடவே உட்கார்ந்து ஜெர்மன் பாஷையில் பேசுவாள். எனக்கு ஜெர்மன் அரைகுறை, அதுவும் பல் இருந்த காலத்து ஜெர்மன். இப்போது பேசினால் எதிரே இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே என் சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிடுவேன். யாரும் என்னைத் துரத்தவில்லை, நானாகத்தான் வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் எதெல்கா சிரிப்பது கேட்கும். நல்ல சிரிப்பு அவளுக்கு. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் கட்டிக்கொண்டேன். என்ன விஷயம் என்று தெரியாவிட்டாலும் இந்தப் பக்கத்திலிருந்து நானும் கொஞ்சம் சிரித்துப் பார்ப்பேன். கீழ் செட் சூப்பில் விழும். அதற்கப்புறம் சிரிப்பதையும் விட்டேன்.

வெளியிலாவது மனுஷன் முகம் பார்க்கலாம் என்றால் அதுவும் போயிற்று. எங்கள் ஊர் வெந்நீர்க் குளத்தில் பழைய தொழிற்சாலை சகாக்களோடு கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கதை பேசுவது என் வழக்கம். குழாய் செய்கிற தொழிற்சாலை. முப்பது வருஷம் நான் அங்கே வால்வு பொருத்தினேன். ஒரு நாள் குளத்தில் ஒரு தும்மல் வந்தது. தும்மல் முடிந்தது, கீழ் செட்டைக் காணோம். கூச்சல் போட முடியுமா? மெதுவாகப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். அவர் மெதுவாகச் சொல்கிற ரகம் இல்லை. குளமே முங்கித் தேடியது. ஒரு செட் தொலைந்தது, மூன்று செட் கிடைத்தது. பல் டாக்டர் ஊர் இல்லையா? மூன்றில் எது என்னுடையது என்று அத்தனை பேர் எதிரிலும் வாயில் வைத்துப் பார்த்தேன். அன்றோடு குளத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

மிச்சம் இருந்தது எதெல்கா ஒருத்திதான். அவளிடமும் ஒரு கதவைச் சாத்தி வைத்திருந்தேன். ராத்திரி செட்டைக் கழற்றிக் கழுவி டம்ளரில் போட வேண்டும். கழற்றினால் என் முகம் மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவில் காணாமல் போய்விடும். அதை அவள் பார்க்கக் கூடாது என்று குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்வேன். அங்கிருந்து இருட்டில் நேராகப் பின்னறைக்குப் போய்விடுவேன். ஆரம்பத்தில் ஒரு தரம் கதவைத் தட்டி, உள்ளே இவ்வளவு நேரம் என்ன செய்கிறாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். பிறகு தட்டவில்லை. தட்டியிருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். ஆனாலும் ஏன் தட்டவில்லை என்று படுக்கையில் கிடந்து வருத்தப்படுவேன். மனுஷ புத்தி அப்படித்தான் இருக்கிறது.

இந்த நிலையில்தான் பல் டாக்டர் பார்தோஷ் அம்மாள் ஒரு நாள் எதெல்காவிடம், உங்கள் வீட்டுக்காரருக்கும் தாடையில் இரண்டு திருகு வைத்துக் கீழ் செட்டைப் பிடிக்க வைக்கலாமே என்றாராம். அவருடைய நோயாளிகளுக்கெல்லாம் எதெல்கா பல் பிடுங்கின அன்று கஞ்சி மாதிரி குழைத்து ஊட்டி அனுப்புகிறாள், அதற்குப் பிரதியுபகாரம். வீட்டுக்கு வந்து சொன்னாள். உடனே என் சபதத்தை அறிவித்தேன்.

"செய்துக்கறேன். ஆனா எந்தப் பிடி, என்ன மாட்டறதுன்னு நான்தான் சொல்லுவேன். நீ வாயைத் திறக்கக் கூடாது."

"சரி பெர்ட்ஸி."

"கண்ணைக் காட்டறதும் கூடாது."

"காட்டலைப்பா. உன் வாய், உன் பாடு."

இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். பெர்தலான் என்ற என் பெயரை அவள் பெர்ட்ஸி என்று குழைத்தால் எதற்கோ அடிப்போடுகிறாள் என்று அர்த்தம். சபத மயக்கத்தில் இருந்தேன், கவனிக்கவில்லை.

திருகு வைத்து, புண் ஆறி, ஈறு சேர்ந்து, எதை மாட்டுவது என்று முடிவு செய்கிற நாளும் வந்தது. டாக்டரம்மா மேஜை மேல் பிளாஸ்டிக் தாடைகளை வரிசையாக வைத்தார். எதெல்கா என் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். நான் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றி விட்டுக்கொண்டேன். தொழிற்சாலையில் சரக்கைத் தரம் பார்க்க உட்காருவது மாதிரி ஒரு தோரணை வந்துவிட்டது.

முதலில் கம்பி. இரண்டு திருகையும் இணைத்து ஒரு தங்க நிறக் கம்பி. செட் அதன் மேல் கவ்விக்கொள்ளும். அசையவே அசையாது என்றார் டாக்டரம்மா. கம்பிக்கு அடியில் தினமும் குட்டித் தூரிகை விட்டுச் சுத்தம் செய்ய வேண்டுமாம். அடியில் அழுக்குச் சேருகிற குழாயை நான் தொழிற்சாலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று தள்ளிவைத்தேன். அடுத்தது காந்தம். கிட்டே கொண்டுபோனால் தானே போய் ஒட்டிக்கொண்டது. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போயிற்று. தூக்கினால் வராது, இடித்தால் ஓடிவிடும். என் மச்சினனே அப்படித்தான், இன்னொருத்தன் வேண்டாம் என்றேன். மூன்றாவது, திருகின் தலையில் ஒரு சின்ன உருண்டை. உயரமாக இருந்தது, என் செட்டின் மெல்லிய இடத்தில் அதற்கு இடம் போதாது என்று டாக்டரம்மாவே எடுத்துவிட்டார்.

கடைசியில் டிச் பட்டன். குழந்தைச் சட்டையில் வைத்துத் தைப்போமே, டிக்கென்று மாட்டுவது, அதேதான். கீழ்ப்பாதி தாடையில், மேல்பாதி செட்டுக்குள். உள்ளே ஒரு நைலான் வளையம். அந்த வளையம்தான் பிடி. தேய்ந்துபோனால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதுமாம். எனக்குப் பரம சந்தோஷம். குழாய்க்கு வாஷர் மாற்றுகிற வேலைதானே? டாக்டரம்மாவுக்கு வாஷரைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். அவர் பொறுமைசாலி, முழுசாகக் கேட்டார்.

வளையம் மூன்று ரகம் இருந்தது. பார்க்க மூன்றும் ஒன்றுதான், பிடிதான் வேறு. மெது, நடு, இறுக்கம் என்று டாக்டரம்மா சொன்னார். பிளாஸ்டிக் தாடையில் ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றிப் பார்த்து நான் வேறு பேர் வைத்தேன். முதலாவது விருந்தாளிப் பிடி, சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடும். இரண்டாவது பங்காளிப் பிடி, முணுமுணுத்துக்கொண்டே விடும். மூன்றாவதை இரண்டு கையாலும் இழுத்தேன், பிளாஸ்டிக் தாடைதான் மேஜையை விட்டு எழுந்தது. அது பெண்டாட்டிப் பிடி. எதெல்கா கண்ணைக் கூடக் காட்டவில்லை. வாக்குக் கொடுத்திருந்தாளே.

டாக்டரம்மா என் விரல்களை வாங்கி மடக்கிப் பார்த்தார். வால்வு திருகித் திருகி என் விரல் கணுவெல்லாம் முடிச்சு விழுந்திருக்கிறது. ஊசியில் நூல் கோர்க்க வராது.

"இறுக்கமா இருந்தா நல்லா மெல்லலாம்," என்றார். "ஆனா தினம் ராத்திரி கழட்டணும். இந்த விரலை வெச்சுக்கிட்டு உங்களால தனியா முடியாது. வீட்ல கழட்டிவிட யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல," என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. நான் யோசித்துச் சொல்லவில்லை. தாழ் போட்ட குளியலறையில் ராத்திரி தனியாக நிற்பவனுக்குத் தோன்றுகிற பதில் அது. டாக்டரம்மா என்னைத் தாண்டிப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். எதெல்கா கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதனால் சத்தமாக, மெதுவான வளையமே போதும், என் வேலையை நானே பார்த்துக்கொள்வேன், எவர் தயவும் வேண்டாம் என்று அறிவித்தேன். சபதம் நிறைவேறியது.

மாட்டின நாள் பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. எதெல்கா விடிகாலையிலேயே எழுந்து நர்சுகளுக்கு உப்பு பிஸ்கோத்து சுட்டு எடுத்துக்கொண்டாள். கொடுத்துவிட்டு வருகிறேன் என்று எனக்கு முன்னால் உள்ளே போனாள். பிஸ்கோத்து கொடுக்க அவ்வளவு நேரம் ஆகுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். டிக், டிக். அவ்வளவுதான். டாக்டரம்மா என் கண்ணைப் பார்க்காமல், கஷ்டமாக இருந்தால் செவ்வாய்க்கிழமை காலையில் முதல் ஆளாக வாருங்கள், இரண்டு நிமிஷத்தில் மாற்றிவிடலாம் என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். நடுவில் பண்டிகைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி மூடல்.

அன்று சாயங்காலம் நான் ராஜா. முன்னறையில் எதெல்காவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்த வாரத்து விருந்தாளி வால்ட்ராவுட் என்று ஒரு வியன்னாக்கார அம்மாள், அவருக்கு மேல் வரிசையில் வேலை நடந்துகொண்டிருந்தது, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் புகை போட்ட பன்றிச் சாசேஜைக் கடித்தேன். முள்ளங்கியைக் கடித்தேன். தோலோடு ஒரு ஆப்பிளைக் கடித்தேன், அதன் சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். ஊர்ப் பேரை முழுசாகச் சொல்லிக் காட்டினேன். வால்ட்ராவுட் அம்மாள் கை தட்டினார். எதெல்கா சிரித்தாள். சுவர் இல்லாமல் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன், கணக்கு வரவில்லை. இன்னொரு ஆப்பிளை எடுத்துக் கடித்தேன்.

பிறகு குளியலறைக்குப் போனேன். தாழ் போட்டேன். வாயில் விரலை விட்டுத் தூக்கினேன். வரவில்லை.

இன்னொரு பக்கம் தூக்கினேன். தலைதான் எழுந்தது. துண்டைச் சுற்றி இழுத்தேன். வெந்நீர் கொப்பளித்தேன், உலோகம் விரியும், எனக்குத் தெரியாதா? விரிந்தது என் நாக்குதான். கரண்டிக் காம்பால் நெம்பினேன். நானே தேர்ந்தெடுத்த விருந்தாளிப் பிடி இது, சொன்ன நேரத்துக்குக் கிளம்ப வேண்டியது, வாசலில் செருப்பைக் கூடத் தேடவில்லை. விரல்தான் உருப்படாமல் போய்விட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு அன்று செட்டோடு படுத்தேன். மறுநாள் ஈறு எரிந்தது. சாயங்காலத்துக்குள் வீங்கிவிட்டது. டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், கழற்றாமல் வைத்தால் புண்ணாகும் என்று. செவ்வாய்க்கிழமை எங்கேயோ இருந்தது.

மறுபடி குளியலறை, மறுபடி தாழ். கண்ணாடியில் வாயில் துண்டைக் கவ்வின ஒரு கிழவன். இந்த வீட்டில் யாரும் இல்லை என்று சொன்னவன் அவன்தான். கதவைத் திறப்பதா, ஈறு போவதா? நான் வெகு நேரம் அந்தத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் திறந்தேன்.

வாசலுக்கு நேரே அழுக்குத் துணிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் எதெல்கா உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி போட்டு, கையைக் கழுவித் துடைத்து, தயாராக.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"விரல்ல பலம் இல்ல."

"உக்காரு. வாயைத் திற. மச்சு உத்தரத்தைப் பாரு."

இரண்டு கட்டை விரலையும் உள்ளே கொடுத்து இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மேலே தள்ளினாள். டிக், டிக். கையோடு வந்துவிட்டது. மேல் செட்டையும் உருவினாள். சட்டென்று நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அவள் என் கையை எடுத்தாள். நான் திரும்ப வைத்தேன். அவள் திரும்ப எடுத்தாள். விளக்கு வெளிச்சத்தில் என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள். "இத்தனை வருஷமா கதவைத் தாழ் போட்டுக்கிட்டு உள்ள என்னவோ பொக்கிஷம் வெச்சிருக்கியோன்னு நெனச்சேன். உன்னைப் பெத்தவர் கடைசி காலத்துல இப்படித்தானே இருந்தார். அவருக்கு இது இன்னும் கேவலமா இருந்துச்சு."

"சிரிக்காதே."

"சிரிக்கலை. நான் என்ன செஞ்சேன்னு தெரியாம இத்தனை நாளும் மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன், பெர்ட்ஸி. என்மேல ஏதோ கோபம், அதான் மூட்டை ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறியோன்னு."

நான் டம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டினேன். பல்லில்லாமல் பேசினால் அவளுக்குப் புரியாது என்று எனக்கு நினைப்பு. செட்டைத் தேய்த்துக் கழுவி டம்ளரில் போட்டாள். ஈறுக்கு மருந்து தடவினாள். சமையலறையில் உட்கார வைத்து, வெள்ளை ஒயினில் சோடா ஊற்றி ஆளுக்கு ஒரு கோப்பை வைத்தாள். வால்ட்ராவுட் அம்மாளின் புருஷன் அந்த அம்மாளுக்குப் பல் வந்தால் திட்டு இன்னும் தெளிவாகக் கேட்குமே என்று பயப்படுகிற கதையைச் சொன்னாள். நான் பொக்கை வாயால் என்னவோ கேட்டேன். புரிந்துகொண்டு பதில் சொன்னாள். இன்னொன்று கேட்டேன். அதுவும் புரிந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இத்தனை காலம் நான் வீணாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. நான் டாக்டரம்மாவிடம் போகவில்லை. ஈறு ஆறட்டும் என்று சொன்னேன். ஈறு ஆறியது, அப்போதும் போகவில்லை. தினமும் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவினதும் நான் அவள் எதிரில் உட்கார்ந்து உத்தரத்தைப் பார்ப்பேன். டிக், டிக். பிறகு ஒயினும் சோடாவும், அன்றைய விருந்தாளி புராணமும். சீசன் முடிகிறதோ இல்லையோ, இலை உதிர்கிற சமயத்தில் பெரிய படுக்கையறை வாசலில் தொங்கின வாடகைப் பலகையைக் காணோம். என் தலையணையும் பின்னறையிலிருந்து காணாமல் போய்ப் பெரிய கட்டிலில் இருந்தது. விருந்தாளிகளுக்கு மகள் அறையே போதுமாம். யார் முடிவு செய்தது என்று நான் கேட்கவில்லை. அது அவள் இலாகா.

மார்கழி போய், கார்னிவல் பண்டிகைக்கு உருண்டைப் பணியாரம் சுடுகிற சமயம். ஒரு நாள் காலையில் கொட்டாவி விட்டேன். டிக். கீழ் செட் தானாகக் கழன்று நாக்கில் உட்கார்ந்தது. வளையம் தேய்ந்துவிட்டது. சுண்டுவிரலால் தொட்டால் போதும், வந்துவிடும். எனக்கு வாஷரைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், தேய்ந்த வாஷர் தேய்ந்ததுதான். இது அவளுக்குத் தெரிந்தால்? இனிமேல் நீயே கழற்றிக்கொள் என்று சொல்லிவிட்டால்? கூடையும் கண்ணாடியும் ஒயினும் போய்விடும். மறுபடி நானும் டம்ளரும்தான்.

அன்று முதல் ஒரு நாடகம். அவள் கட்டை விரல் உள்ளே வந்ததும் நாக்கால் செட்டை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அவள் தள்ளுவாள், நான் விட மாட்டேன். முனகுவேன். கண்ணில் தண்ணீர் கூட வரவழைத்தேன். போதும் என்று தோன்றும்போது நாக்கை எடுப்பேன். டிக், டிக். இன்னிக்கு ரொம்ப இறுக்கம் என்று பெருமூச்சு விடுவேன். ஆமாம், குளிருக்கு இறுகியிருக்கும் என்பாள் அவள், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். ஒரு மாதம் இப்படி ஓட்டினேன். பகலில் என் நாக்கு இரும்படித்தவன் கை மாதிரி வலித்தது. பேச்சுக் குழறியது. இப்படியே போனால் நாக்குக்குத் தனியாக ஒரு திருகு வைக்க வேண்டி வரும் என்று தோன்றியது.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். எதெல்கா சந்தைக்குப் போகிற வியாழக்கிழமை, நாய்க்குக் கூடத் தெரியாமல், டாக்டரம்மாவிடம் போனேன். வளையத்தை மாற்ற வேண்டும், மெதுவானது வேண்டாம், இருப்பதிலேயே இறுக்கமானதைப் போடுங்கள் என்றேன்.

அவர் செட்டைத் திருப்பிப் பார்த்தார். "அதான் போட்டிருக்கு. இறுக்கமானது. தேஞ்சுடுச்சு, புதுசு போட்டுடலாம்."

"நான் அன்னிக்கு மெதுவானதைத்தானே கேட்டேன்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "கேட்டீங்க. உங்க மனைவி இறுக்கமானதைக் கேட்டாங்க. வாய் அவருது, முடியாதுன்னு சொன்னேன். அதுக்கு அவங்க, 'யாரும் இல்லைன்னு சொன்னாரே டாக்டர், உங்க காதால கேட்டீங்களே. போட்டுத்தான் பாருங்க. பிடிக்கலைன்னா செவ்வாய்க்கிழமை காலையில வந்து உங்க கதவை உடைப்பார், அப்ப மாத்திக் கொடுத்துடுங்க'ன்னாங்க. நான் செஞ்சது தப்புதான். செவ்வாய்க்கிழமை பூரா வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க வரவே இல்லையே?"

நான் உத்தரத்தைப் பார்த்தேன். பழக்க தோஷம்.

ஆக, நான் முதல்முதலாகத் தேர்ந்தெடுத்ததும் அவள் தேர்ந்தெடுத்ததுதான். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தேன். வரவில்லை. உப்பு பிஸ்கோத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் இந்த அம்மாளிடம் கெஞ்சி நின்றதைத்தான் மனசு சுற்றிச் சுற்றி வந்தது. எனக்குத் தனியாக இருந்ததென்றால் அவளுக்கும் தனியாகத்தானே இருந்திருக்கும்? அது எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. டாக்டரம்மா புது வளையம் போட்டார். டிக், டிக். இரும்புப் பிடி. நான் வந்து போனது என் வீட்டில் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றார். சொல்லவும் இல்லை, பாவம், நல்ல மனுஷி.

ஆற்றங்கரை ஓரமாக நடந்து வீட்டுக்கு வந்தேன். உள்ளுக்குள் ஒரு குஷி. முதல் ஆட்டத்தில் அவள் என்னை ஏமாற்றினாள், சரி. இரண்டாவது ஆட்டம் என்னுடையது. வளையம் தேய்ந்ததும் அவளுக்குத் தெரியாது, நான் நடித்ததும் தெரியாது, இன்று மாற்றினதும் தெரியாது. என் வாயில் நடந்த ஒரு விஷயமாவது எனக்கு மட்டும் சொந்தம் என்று சாப்பாட்டு மேஜையில் இரண்டு பணியாரம் அதிகமாகச் சாப்பிட்டேன்.

பாத்திரம் கழுவி முடித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை நாக்குக்கு வேலை இல்லை, அது பாட்டுக்குப் படுத்துக் கிடந்தது. அவள் தள்ளினாள். வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு மறுபடி தள்ளினாள். டிக், டிக். செட்டை வெளிச்சத்தில் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். டம்ளரில் போட்டாள். ஒயின் பாட்டிலை எடுத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்:

"ஒரு மாசமா பாவம் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தியே, நாக்கு வலி இப்ப தேவலையா?"